ஒரு காணியில் 68 கிராம்

கோட்டக்குப்பம், வானூர் பக்கம் பட்டாவில் ஹெக்டேர் என்று இருக்கும்; பேச்சில் காணிதான். இந்தக் கணக்கையும் காணியிலேயே போடுவோம். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி. 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர், 5,351 சதுர மீட்டர். மேல்மண் 15 சென்டிமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் 803 கன மீட்டர். மணல் கலந்த செம்மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் நிற்கும். ஒரு காணி மேல்மண்ணின் எடை 1,204 டன்.

இனிப் புழுக் கணக்கு. வேர்முடிச்சு நூற்புழு கிராம் மண்ணுக்கு ஒன்று அல்லது இரண்டு இளம்புழு என்ற அளவைத் தொட்டால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது வேளாண் பாடங்களில் சொல்லும் வரம்பு. குறைந்த வரம்பையே வைத்துக்கொள்வோம். 1,204 டன் என்றால் 120 கோடி கிராம். ஆகப் புழுவும் 120 கோடி. ஓர் இளம்புழுவின் நீளம் 0.4 மில்லிமீட்டர், தடிமன் 15 மைக்ரான். ஹங்கேரிய விஞ்ஞானி ஆந்த்ராஸி 1956ல் ஒரு சூத்திரம் கொடுத்தார்: மைக்ரானில் போட்ட நீளத்தைத் தடிமனால் இருமுறை பெருக்கி 16 லட்சத்தால் வகுத்தால் புழுவின் எடை மைக்ரோகிராமில் வரும். அப்படிப் போட்டால் ஒரு புழு 0.056 மைக்ரோகிராம். 120 கோடிப் புழுவும் சேர்ந்து 68 கிராம். ஒரு கோழிமுட்டையைவிடச் சற்றே கூடுதல்.

1,204 டன் மண்ணில் 68 கிராம் உயிர் ஒரு காணிப் பயிரைச் சோர வைக்கிறது. விதை, உழவு, உரம், களையெடுப்பு, மருந்து என்று வரிவரியாக எழுதும் விவசாயிகளின் கணக்கு நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். மண்ணில் இருப்பது எந்தப் புழு என்று பார்க்க ஆன செலவு என்று ஒரு வரியை எதிலும் பார்த்ததில்லை. அந்த வரியைப் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

*தட்டில் ஒன்று, கழனியில் 8 கோடி*

1,204 டன்னையும் யாரும் சலிக்கப் போவதில்லை. காணிக்குள் குறுக்கும் நெடுக்குமாக 20 இடங்களில், வேர் ஓடும் ஆழத்தில், இடத்துக்கு 100 கிராம் வீதம் மண் எடுப்பார்கள். 2 கிலோ சேரும். அதைக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக்கிலோவுக்குக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஆய்வுக்கு 200 கன சென்டிமீட்டர், அதாவது 300 கிராம். அதைத் தண்ணீரில் கரைத்துச் சலித்துப் புழுவைப் பிரித்து 100 மில்லி நீரில் சேர்த்தால், நுண்ணோக்கியின் கீழே போவது 5 மில்லி. அந்த 5 மில்லி 15 கிராம் மண்ணுக்குச் சமம்.

15 கிராம் பார்த்து 120 கோடி கிராமுக்குத் தீர்ப்பு சொல்கிறோம். விகிதம் 1க்கு 8 கோடி. எண்ணும் தட்டில் ஒரு புழுவை விட்டுவிட்டால் கழனியில் 8 கோடிப் புழு கணக்கில் விடுபடும். ஒன்றைத் தவறாக இனம் கண்டால் 8 கோடிக்குத் தவறான பெயர் போய்ச் சேரும். கிராமுக்கு ஒன்று என்ற வரம்பு தட்டில் வெறும் 15 புழு. அதனால்தான் 5 மில்லியை மூன்று முறை எடுத்து எண்ணிச் சராசரி போடச் சொல்கிறார்கள்.

சலிப்பதிலும் சேதாரம் உண்டு. கடைசிச் சல்லடையான 350 கண் சல்லடையின் துளை சுமார் 45 மைக்ரான். புழுவின் தடிமன் 15. தலைகுத்தி வந்தால் மூன்று புழு பக்கம் பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்விடும். குறுக்கே விழுபவைதான் தங்கும். ஆகவே சல்லடையைச் சாய்த்துப் பிடித்து இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். அமெரிக்காவின் நேதன் காப் 1918ல் எழுதிவைத்த இந்தச் சலிப்பு முறைதான் இன்றைக்கும் பாட்டை. அடுத்து வருவது ஜாவாவில் மருத்துவராக இருந்த பேர்மன் 1917ல் கொக்கிப்புழுவுக்காகச் செய்த புனல். மெல்லிய தாளின் மேல் வண்டலை வைத்துத் தண்ணீரில் தொட வைத்தால், உயிருள்ள புழு நெளிந்து தாளைக் கடந்து கீழே இறங்கும். 24 முதல் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். நெளியாத சோம்பேறிகள் இதில் வராது. உடம்பு முழுக்க வளையம் வளையமாகத் தடித்த வளைய நூற்புழு அப்படிப்பட்டது. அதற்கு 1964ல் ஜென்கின்ஸ் சொன்ன வழி சர்க்கரைக் கரைசல்: 454 கிராம் சர்க்கரையை 1 லிட்டராகக் கரைத்து, வண்டலோடு சுழற்றினால் மண் அடியில் தங்கும், புழு மிதக்கும்.

பையை வெயிலில் வைத்துவிட்டால் இத்தனையும் வீண். சித்திரை மாதத்தில் மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் தொங்கவிட்ட பாலித்தீன் பைக்குள் மண் வெந்துவிடும். செத்த புழு புனலில் இறங்காது. முடிவு பூஜ்யம் என்று வரும். விவசாயி நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

*100ல் 28*

2019ல் நேச்சர் இதழில் ஒரு பெரிய எண்ணிக்கை வந்தது. உலகம் முழுவதிலும் எடுத்த 6,759 மண் மாதிரிகளை வைத்து, மேல்மண்ணில் உள்ள நூற்புழுக்கள் 44க்குப் பின் 19 சுழியங்கள் என்று மதிப்பிட்டார்கள். 800 கோடிப் பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 5,500 கோடி. இந்த எண் எல்லாரையும் வாயைப் பிளக்க வைக்கும். எனக்குப் பிடித்தது, அந்த மொத்தத்தை 4.40 என்று சுருக்கிப் போட்ட அதன் உள்பிரிவு. பாக்டீரியாவைத் தின்பவை 1.92, செடியைத் தின்பவை 1.25, பூஞ்சையைத் தின்பவை 0.64, கலந்து தின்பவை 0.39, மற்ற புழுவைப் பிடித்துத் தின்பவை 0.20. கூட்டினால் 4.40. நூறாக்கினால் செடி தின்னிகள் 28. மீதி 72க்குப் பயிரோடு எந்தப் பகையும் இல்லை.

பகை இல்லை என்பதோடு நிற்கவில்லை. பாக்டீரியாவின் உடம்பில் தழைச்சத்து அதிகம். அதைத் தின்னும் புழுவுக்கு அவ்வளவு தேவையில்லை. மிஞ்சியதை அம்மோனியாவாக வெளியே விடுகிறது, வேர் எடுத்துக்கொள்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையைப் பற்று எழுதும் விவசாயி, இந்த வரவை எங்கும் எழுதுவதில்லை. மண்ணில் தொழு உரம் போட்ட சில நாளில் பாக்டீரியா தின்னிகள் பெருகுவது இதனால்தான். நெதர்லாந்தின் போங்கர்ஸ் 1990ல் நூற்புழுக் குடும்பங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்தார். கலக்கத்தில் சட்டென்று பெருகுபவற்றுக்கு 1. நிலைத்த மண்ணில் மட்டும் தங்குபவற்றுக்கு 5. ஒரு கழனியின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தே உழவும் மருந்தும் அதை எவ்வளவு கலக்கியிருக்கின்றன என்று சொல்லலாம்.

ஆகவே ஒரே எண்ணிக்கை இரண்டு விதமாகப் பேசும். இரண்டு தட்டிலும் 100 புழு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 80 பாக்டீரியா தின்னிகள், 5 வேர்முடிச்சு. இன்னொன்றில் 50 வேர்முடிச்சு. முதல் கழனிக்குச் செலவே இல்லை. இரண்டாவது கழனி வரம்பை மூன்று மடங்கு தாண்டியது. ‘மண்ணில் புழு இருக்கிறது, 100’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சீட்டு இருவருக்கும் ஒரே குருணை மருந்தை வாங்க வைக்கும்.

பிரித்தறிவது எப்படி? தட்டில் வேகமாகத் துள்ளி நெளிபவை பெரும்பாலும் பாக்டீரியா தின்னிகள். வாய் திறந்த குழாய், உள்ளே ஊசி இருக்காது. செடி தின்னிக்குத் தலைக்குள் ஓர் ஊசி, அதன் அடியில் மூன்று சிறு குமிழ். வேர்முடிச்சு இளம்புழுவில் அந்த ஊசி பத்துப் பன்னிரண்டு மைக்ரான்தான். பழகாத கண்ணுக்குத் தென்படாது. வாய் அகன்று ஒரு பெரிய பல் தெரிந்தால் அது மற்ற புழுவைத் தின்னும் மோனோன்கஸ் கூட்டம், நம் பக்கத்து ஆள். தண்ணீரைச் சூடாக்கிக் கொன்றால் இன்னொரு துப்புக் கிடைக்கும்: செத்த நிலையில் சுருள் நூற்புழு சுருண்டு கிடக்கும், வேர்முடிச்சு இளம்புழு நேராகக் கிடக்கும். இதுவரைக்கும் ஒரு மாதப் பயிற்சியில் வந்துவிடும். பேரினம் தெரிந்துவிட்டது. சிற்றினம் என்பது வேறு உலகம். பெண் புழுவை வேர்முடிச்சுக்குள்ளிருந்து எடுத்து, அதன் பின்பக்கத் தோலை லாக்டிக் அமிலத் துளியில் வைத்துப் பிளேடால் நறுக்கி, உள்ளே இருப்பதைச் சுரண்டி, அதில் உள்ள ரேகையைப் படிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிராணியின் பின்பக்கத்தை நறுக்குவது. ரேகையின் மேல்வளைவு உயர்ந்து சதுரமாக நின்றால் மெலாய்டோகைன் இன்காக்னிடா. இரு பக்கமும் கோடு வெட்டினால் ஜவானிகா. வளைவு தாழ்ந்தால் அரினேரியா. வால் நுனியருகே புள்ளிகள் தெரிந்தால் ஹாப்லா. 1949ல் சிட்வுட் இந்தப் பிரிவினையைச் செய்யும் வரை உலகம் இவற்றையெல்லாம் ஒரே புழுவாகவே எழுதி வந்தது.

*ஒரே பெயரில் எழுதியதன் விலை*

இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழுவின் முதல் பதிவு தமிழ்நாட்டு மண்ணிலிருந்துதான். 1901ல் நீலகிரி தேவாலாத் தேயிலைத் தோட்டத்தில் சி.ஏ. பார்பர் கண்டு எழுதினார். சென்னை அரசாங்கத் தாவரவியலாளர். பின்னாளில் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த அதே பார்பர்.

அறுபது ஆண்டு கழித்து அதே மலையில் இன்னொன்று. 1961ல் இங்கிலாந்தின் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் ஊட்டிப் பக்கத்து உருளைக்கிழங்கு வேரில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டார். கூடு ஒன்றுக்குள் 200 முதல் 500 முட்டை. உருளைக்கிழங்கு போடாவிட்டாலும் 20 ஆண்டு வரை மண்ணில் பிழைத்திருக்கும். 1971ல் தமிழ்நாடு அரசு நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை போட்டது. இதில் இனம் காணும் சங்கதி ஒன்று உண்டு. அந்தப் புழு இரண்டு சிற்றினம் என்பது 1973ல் ஸ்டோன் இரண்டாவதற்குப் பெயர் வைத்தபோதுதான் தெளிவாயிற்று. ஐரோப்பாவில் பெரிதாக நம்பியிருந்த ஹெச்1 என்ற எதிர்ப்பு மரபணு முதலாவதைத்தான் தடுக்கும், இரண்டாவதைத் தொடாது. நீலகிரியில் இரண்டுமே இருக்கின்றன. இரண்டையும் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985ல்தான் வந்தது. 1961க்கும் 1985க்கும் இடையே 24 ஆண்டு.

கடலோரத்துக்கு நெருக்கமான கதை காளஹஸ்தி. 1975-76ல் சித்தூர் மாவட்டம் காளஹஸ்திப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் நிலக்கடலை குட்டையாக நின்றது. காய் சிறுத்து, ஓடு கறுத்தது. வேரில் முடிச்சு எதுவும் இல்லை. முடிச்சை மட்டுமே தேடும் கண் இதைப் புழு என்று சொல்லாது. டைலென்கோரின்கஸ் பிரெவிலினியாட்டஸ் என்ற, வேருக்கு வெளியே நின்று உறிஞ்சும் நூற்புழு என்று பின்னால்தான் நிறுவினார்கள்.

*மல்லாட்டையே சாட்சி*

விழுப்புரம் மாவட்டத்துக்கு நிலக்கடலை என்பது புத்தகச் சொல். கொல்லையில் அது மல்லாட்டை. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறையிலிருந்து மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940ல் விட்ட டி.எம்.வி. 2 ரகம் தமிழ்நாட்டைத் தாண்டியும் விதைக்கப்பட்டது. அந்தப் பெயரில் உள்ள மூன்றெழுத்தும் திண்டிவனந்தான்.

இந்தப் பயிருக்கு நூற்புழு ஆராய்ச்சியில் ஒரு தனி மரியாதை. அமெரிக்காவின் வட கரோலினாவில் சாசர் நடத்திய பன்னாட்டுத் திட்டத்தில் சிற்றினத்தை அறிய ஆறு செடிகளை வைத்தார்கள்: தக்காளி, மிளகாய் இனத்துக் குடைமிளகாய், தர்ப்பூசணி, பருத்தி, புகையிலை, நிலக்கடலை. எந்தச் செடியின் வேரில் பெருகுகிறது, எதில் பெருகவில்லை என்பதை வைத்துப் பெயர் சொல்வது. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம், திண்டிவனம் வரை போகிறவர் இந்த ஆறில் நான்கை வழியிலேயே பார்த்துவிடலாம்.

முக்கியமான வரி இது: நம் காய்கறிக் கழனிகளில் அதிகம் காணப்படும் இன்காக்னிடா மல்லாட்டையில் பெருகாது. அரினேரியாவின் முதல் இனக்குழு பெருகும். கத்தரிக்காய் போட்டு வேரெல்லாம் முடிச்சாகிப்போன காணியில் அடுத்து மல்லாட்டை போடலாமா என்ற கேள்விக்குப் பதில் முழுக்க இதில் தொங்குகிறது. இருப்பது இன்காக்னிடா என்றால், மல்லாட்டை அதைப் பட்டினி போடும். விளைச்சலும் கைக்கு வரும், மருந்துச் செலவும் இல்லை. அரினேரியா என்றால் அந்தப் பட்டம் முழுக்கப் புழுவுக்கு விருந்து. குஜராத்தில் ஜவானிகாவும் நிலக்கடலையைத் தாக்குவதாகப் பதிவு இருப்பதால் அதையும் ஒரு கண் வைக்க வேண்டும்.

விருந்தின் கணக்கு: ஒரு பெண் புழு 200 முதல் 500 முட்டை இடும். நம் வெப்பத்தில் ஒரு தலைமுறை 25 முதல் 30 நாள். 400 முட்டையில் நூற்றுக்கு 5 மட்டும் பிழைத்துப் பெண்ணாவதாக வைத்தாலும் 1 என்பது 20 ஆகும்; பிறகு 400; பிறகு 8,000; நான்காம் தலைமுறையில் 1,60,000. மல்லாட்டை 105 நாள் பயிர். தலைமுறைக்கு 25 நாள் என்றால் நான்குக்கும் இடம் இருக்கிறது.

செலவே இல்லாத ஒரு சோதனையையும் மல்லாட்டை தருகிறது. செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து வேரைக் கழுவி, முண்டுகளை விரலால் தேய்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, தேய்த்ததும் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது ரைசோபியம். தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பது. வேரே உருண்டு தடித்து, தேய்த்தால் வராமல் இருந்தால் அது புழு. உளுந்துக்கும் இதே கதை. இது தெரியாமல் ரைசோபியத்தைப் பார்த்துக் குருணை போட்டவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

*பற்று*

இப்போது ரூபாய்க்கு வருவோம். ஒரு காணியில் இறவை மல்லாட்டை 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 2025-26க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 7,263 ரூபாய் வீதம் 87,156 ரூபாய். நூற்றுக்குப் பத்து போனால் 8,716.

இந்திய அளவில் எவ்வளவு போகிறது? அகில இந்திய ஒருங்கிணைந்த நூற்புழுத் திட்டத்து விஞ்ஞானிகள் 2020ல் வெளியிட்ட கணக்கில் 30 பயிர்களில் 21.3 விழுக்காடு, ஆண்டுக்கு 10,204 கோடி ரூபாய். அதில் 11 வயல்பயிர்களுக்கு 5,181 கோடி, 19 தோட்டப்பயிர்களுக்கு 5,022 கோடி. நெல் மட்டும் 2,327 கோடி; வாழை 971; தக்காளி 604; கத்தரி 350; வெண்டை 248. இது சோதனைத் திடல் இழப்பைப் பரப்பளவோடு பெருக்கி வந்த எண். உங்கள் காணியில் 21.3 போகும் என்று யாராவது இதைக் காட்டி மருந்து விற்றால் கொஞ்சம் நிதானிக்கலாம். உலகக் கணக்காக அடிக்கடி காட்டப்படும் 12.3 விழுக்காடு இன்னும் தளர்ந்தது. 1987ல் சாசரும் ஃப்ரெக்மனும் வெளியிட்டது. 75 நாடுகளின் 371 நூற்புழு வல்லுநர்களைக் கேட்டு எழுதியது. வல்லுநர் கருத்து, அவ்வளவே.

இனி மருந்து. கார்போஃபியூரான் 3 விழுக்காட்டுக் குருணை ஹெக்டேருக்கு 33 கிலோ என்பது நெடுங்காலம் சொல்லி வந்த அளவு. ஒரு காணிக்கு 17.7 கிலோ, அதில் நஞ்சு 530 கிராம். 68 கிராம் புழுவுக்கு 530 கிராம் நஞ்சு. ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்த 530 கிராமும் 1,204 டன் மண்ணில் பரவி நிற்க வேண்டும். மீதி 72 விழுக்காட்டு நல்ல புழுக்களும் அதே மண்ணில்தான் இருக்கின்றன. குருணைக்குப் பெயர் கேட்கத் தெரியாது. பறவைக்கு இந்தக் குருணை தானியமாகத் தெரியும். அமெரிக்காவில் பறவைச் சாவுகளால்தான் 1990களில் குருணை வடிவம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி இதே வானூர், மரக்காணம் வட்டங்களில் இருக்கிறது என்பதையும் பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டியதுதான். 2023ல் ஒன்றிய அரசு, உறையிட்ட 3 விழுக்காட்டுக் குருணை தவிர்த்த மற்ற கார்போஃபியூரான் வடிவங்களைத் தடை செய்தது. ஃபோரேட் என்ற மற்றொரு குருணை மருந்து 2020 டிசம்பரோடு போயிற்று. நெமகான் என்ற பழைய புழுக்கொல்லி 1955ல் வந்தது. 1977ல் அதைத் தயாரித்த கலிஃபோர்னியத் தொழிலாளர்களுக்கு மலட்டுத்தன்மை என்று தெரிந்து, 1979ல் அமெரிக்காவில் பெரும்பாலான பயன்பாடுகள் நின்றன. புழுக்கொல்லிகள் வந்து போகும் வரிசையைப் பார்த்தால் புழுவின் ஆயுள்தான் நீளம்.

வேப்பம் பிண்ணாக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ என்றால் காணிக்கு 134 கிலோ. கிலோ 30 ரூபாய்க்குக் கிடைத்தால் 4,020. சூடோமோனாஸ் ஹெக்டேருக்கு 2.5 கிலோ வீதம் காணிக்கு 1.34 கிலோ, தொழு உரத்தோடு கலந்து போட வேண்டும். இவை நல்லவைதான். ஆனால் 5 வேர்முடிச்சு மட்டும் இருந்த அந்த முதல் தட்டுக் கழனிக்கு இந்த 4,020ம் தேவையில்லை.

சரி, பெயர் தெரிந்துகொள்ள என்ன ஆகும்? மண் எடுக்க ஓர் ஆளுக்கு அரை நாள். 2025-26ல் தமிழ்நாட்டு நூறு நாள் வேலைக் கூலி 336, ஆக 168 ரூபாய். கழனிக் கூலி இதைவிடக் கூடுதல் என்பது எனக்கும் தெரியும். அரசு எண் என்பதால் எடுத்துக்கொண்டேன். சர்க்கரை 454 கிராம், ரேஷன் விலை கிலோ 25 வீதம் 11 ரூபாய் 35 காசு. ஆய்வகத்தார் ரேஷன் கடைக்குப் போக மாட்டார்கள், போகட்டும். தண்ணீரும் தாளும் சில்லறை. கடைசியாக ஆள்: உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700, 22 நாள், நாளுக்கு 8 மணி என்றால் மணிக்கு 328. கழுவி, எண்ணி, ரேகை பார்த்து முடிக்க மாதிரிக்கு 3 மணி என்று நான் வைக்கிறேன்: 984. மொத்தம் 1,163 ரூபாய். அதில் 85 விழுக்காடு, பார்க்கத் தெரிந்த ஒருவரின் நேரம்.

10 விழுக்காட்டு இழப்பில் இது ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பிண்ணாக்குச் செலவில் நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். ஆனாலும் அந்த வரி எழுதப்படுவதில்லை. காரணம் பணம் இல்லை, கேள்வியே இல்லாததுதான். 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கிய மண்வள அட்டை 12 சோதனைகளைச் சொல்கிறது: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம். பன்னிரண்டும் வேதியியல். மண்ணில் உயிருள்ள எதையும் அது எண்ணுவதில்லை. பாசனப் பகுதியில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அதன் விதி. அதே விதியில் 13ஆவது கட்டமாக நூற்புழுவைச் சேர்த்தால்? ஒருவர் ஆண்டுக்கு 220 நாள் உட்கார்ந்தால் 1,760 மணி, மாதிரி 587, பரப்பு 1,467 ஹெக்டேர், காணியில் 2,740. ஒரு ஜோடிக் கண்ணின் ஆண்டு விளைச்சல் அது. ஒரு வட்டத்துக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று வேளாண் துறை தன் பரப்பளவை வைத்து வகுத்துக்கொள்ளலாம்.

*பையோடு வரும் மண்*

கோட்டக்குப்பம் 2021ல் நகராட்சியாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் காணியெல்லாம் சென்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. நடுவே நர்சரிகள். வீட்டுத் தோட்டத்துக்கும் கொல்லைக்கும் கன்று இங்கிருந்துதான் போகிறது, கன்றோடு மண்ணும் போகிறது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் கொய்யா வைத்தால் காணிக்கு 149 கன்று. பைக்கு 2 கிலோ என்றால் 298 கிலோ வெளியூர் மண். அதில் கிராமுக்கு ஒரு புழு இருந்தால் சுமார் 3 லட்சம் புழு, ஒவ்வொரு குழியிலும் வேர் பக்கத்திலேயே இறக்கி வைத்தாகிவிட்டது.

கொய்யா என்று குறித்துச் சொல்லக் காரணம் மெலாய்டோகைன் என்டெரோலோபியை. 1983ல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரிலிருந்து பெயர் பெற்றது. தமிழ்நாட்டுக் கொய்யாவில் 2016ல் பதிவாயிற்று. கொய்யா மரங்களைக் காயவைக்கும் இந்தச் சிற்றினம், தக்காளியில் புழுவைத் தடுக்க வைத்திருக்கும் மி என்ற மரபணுவையும் தாண்டிவிடும். அந்த மரபணு 28 டிகிரிக்கு மேல் மண் சுட்டாலே வேலை செய்யாது என்பது வேறு. கோட்டக்குப்பத்தில் பங்குனி மண்ணில் கை வைத்தவருக்கு அது எவ்வளவு உதவும் என்று தெரியும். இதன் பின்பக்க ரேகை இன்காக்னிடாவைப் போலவே இருக்கும்; நுண்ணோக்கி மட்டும் போதாது, டி.என்.ஏ. பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து நூற்புழுத் துறையில் மண்ணோடு முடிச்சுள்ள வேரையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது.

*நான்கு தொட்டி*

கொய்யா இல்லாத காய்கறிக் காணிக்கு, பட்டத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு, 20 இடத்து மண்ணைக் கலந்து நான்கு தொட்டியில் நிரப்பலாம். தக்காளி, மிளகாய், தர்ப்பூசணி, மல்லாட்டை. தொட்டி பழைய வாளியாக இருக்கலாம். அடியில் ஓட்டை வேண்டும். வேறு கழனி மண் ஒட்டியிருக்கக் கூடாது. 45ஆம் நாள் வேரைக் கழுவி முடிச்சை எண்ணுங்கள். முடிச்சு இல்லையென்றால் 0. ஒன்றிரண்டு என்றால் 1. 3 முதல் 10 வரை 2. 11 முதல் 30 வரை 3. 31 முதல் 100 வரை 4. அதற்கு மேல் 5. டெய்லரும் சாசரும் 1978ல் போட்ட அளவுகோல்.

தக்காளியில் 3க்கு மேல், மிளகாயிலும் உண்டு, தர்ப்பூசணியிலும் உண்டு, மல்லாட்டையில் 0 என்றால் பெரும்பாலும் இன்காக்னிடா. தக்காளியில் உண்டு, மிளகாயிலும் மல்லாட்டையிலும் 0 என்றால் ஜவானிகா அல்லது அரினேரியாவின் இரண்டாம் இனக்குழு. எப்படியானாலும் அந்தக் காணியில் அடுத்த பட்டம் மல்லாட்டை போடலாம். நான்கிலும் முடிச்சு என்றால் அரினேரியாவின் முதல் இனக்குழு என்று சந்தேகிக்க வேண்டும். மல்லாட்டை விதைப்பருப்பை மூட்டையோடு அப்படியே வைத்துவிட்டு, மண்ணும் வேரும் ஆய்வகத்துக்குப் போகட்டும். வட கரோலினாச் சோதனையில் பயன்படுத்தியது அவர்களுடைய ரகங்கள். உள்ளூர் ரகத்தில் வரும் விடை துப்புதான், சான்றிதழ் ஆகாது. இரண்டு சிற்றினம் கலந்திருந்தாலும் தொட்டி குழப்பும். மண்ணில் தாவரத் தின்னி வேறு வகையாக இருந்து முடிச்சே போடாமல் இருந்தால் நான்கும் 0 என்று வரும், காளஹஸ்தியில் வந்ததைப் போல.

செலவு: விதை ஒரு கைப்பிடி, தண்ணீர், 45 நாள்.